ஆகாச கங்கையில் ஓடுவது என்ன?

நட்சத்திரங்களுக்கு நடுவில் பரந்து கிடக்கும் ஆவியையும் தூசியையும் படம் பிடித்துக் கணக்கெடுப்பதற்காக உலகத்து விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாகப் பாடுபட்டு வருகின்றார்கள். நமது பால்வழி மண்டலத்தில் மாத்திரம் அல்ல, அதற்கு அடுத்தடுத்துள்ள மண்டலங்களிலும் எந்த இடத்தில் எவ்வளவு ஆவி இருக்கிறது, எங்கே அது திரண்டு புது நட்சத்திரமாகிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து வருகின்றார்கள்.

இப்படிப்பட்ட செய்தி பத்திரிகையில் வந்தவுடன் நம் நாட்டில் இரண்டு விதமான குரல்கள் கிளம்புகின்றன. ஒன்று, "இதெல்லாம் எங்கள் ரிஷிகள் ஞான திருஷ்டியால் அப்பொழுதே கண்டுவிட்டார்கள்" என்பது. மற்றொன்று, "வயிற்றுக்குப் போதாத நாட்டில் வானத்துத் தூசியைப் பற்றி நமக்கென்ன?" என்பது. முதல் பேச்சைப் பேசுகிறவர் பெரும்பாலும் பஞ்சாங்கத்தை விற்றுப் பிழைக்கிறவராயிருப்பார். இரண்டாவது பேச்சைப் பேசுகிறவரோ அந்தப் பஞ்சாங்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவராயிருப்பார். ஆகவே இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லவேண்டியது நமது கடமையாகிறது.

முதலில் விஷயம் இன்னதென்று பார்ப்போம். இரவில் வானத்தின் குறுக்கே வெண்மையாக ஒரு பட்டை தெரியும். இதைத்தான் நம் புராணக்காரர்கள் ஆகாச கங்கை என்றார்கள். தேவலோகத்து நதி என்றும், பகீரதன் தவம் செய்து அதைப் பூமிக்கு இறக்கினான் என்றும், அதில் மூழ்கினால் பாவம் போகும் என்றும் கதை கட்டி, அந்தக் கதைக்குத் தட்சிணையும் வாங்கினார்கள். இன்று பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தப் பட்டை தெரியாது. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஊர்களின் விளக்கு வெளிச்சம் அதை மறைத்துவிடுகிறது. ஊர் வெளிச்சம் இல்லாத மலைப்பக்கம் போனால் தெரியும். நன்றாக உற்றுப் பார்த்தால், அந்த வெள்ளைப் பட்டையின் நடுவே கருப்புக் கருப்பாகத் திட்டுகள் இருப்பதும் தெரியும்.

அந்தக் கருப்பு என்ன? அது வெறும் ஓட்டையல்ல. 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் என்ற வானநூல் அறிஞர், நட்சத்திரக் கூட்டங்களின் வெளிச்சத்தை அளந்து, நடுவழியில் தூசி நின்று வெளிச்சத்தை மறைக்கிறது என்று காட்டினார். ஆகாச கங்கையில் இருப்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள். அவற்றுக்கு நடுவே ஆவி. ஆவியோடு கலந்த தூசி. தண்ணீர் ஓடும் நதியும் இல்லை, அதில் குளிக்கும் தேவரும் இல்லை. கருப்பாய்த் தெரிகிற இடம் புகை மண்டிய அடுப்படி மாதிரி. அதற்கு அப்பால் வெளிச்சம் இருக்கிறது, நம் கண்ணுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

நிற்க, கண்ணுக்குத் தெரியாத இந்த ஆவியை அளப்பது எப்படி என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியாகும். ஞான திருஷ்டி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விஞ்ஞானிக்கு வழியில்லை. அவன் வழியைச் சொல்லியே தீரவேண்டும்.

1800-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் சூரிய வெளிச்சத்தைப் பட்டைக் கண்ணாடியால் ஏழு நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் சூட்டுமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறம் முடிந்து, ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும் இடத்தில் வைத்த சூட்டுமானியிலும் சூடு ஏறிற்று. சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று உண்டு என்பது அப்பொழுது வெளிப்பட்டது. அதையே இன்று அகச்சிவப்புக் கதிர் என்கிறோம். இந்த ஹெர்ஷல் வான சாஸ்திரம் ஓதும் குலத்தில் பிறந்தவரல்லர். சங்கீதம் வாசித்துப் பிழைத்தவர். கண்ணாடியைத் தானே தேய்த்துத் தொலைநோக்கி செய்துகொண்டவர். அவருடைய தங்கை கரோலினும் அவரோடு கூடவே வானத்தை ஆராய்ந்து வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். "இன்ன சாதிக்குத்தான் இன்ன படிப்பு, பெண்ணுக்கு அதுவுமில்லை" என்று அங்கே யாராவது தர்மம் பேசி அவர்களைத் தடுத்திருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அகச்சிவப்பு என்றால் ஏதோ மேலுலகத்துச் சமாசாரம் என்று எண்ணவேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் சிவக்காமலிருந்தாலும், கிட்டே கையை நீட்டினால் சுடுகிறதே, அந்தச் சூட்டில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிராகத்தான் வருகிறது. பருத்திப்பட்டுக்குப் பக்கத்திலேயே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே செய்யப்படும் டாங்கிகளில், கும்மிருட்டிலும் எதிரே இருக்கும் ஆளையும் வண்டியையும் அவற்றின் சூட்டைக்கொண்டே கண்டுபிடிக்கும் கருவி பொருத்தப்படுகிறது. அதே தத்துவந்தான் வானத்துக்கும்.

நட்சத்திர வெளிச்சத்தை வாங்கி மறைக்கிற தூசி அந்த வெளிச்சத்தினால் சற்றுச் சூடேறுகிறது. சூடு என்றால் நம் ஊர்ச் சூடு அல்ல. பனிக்கட்டியின் குளிருக்கும் கீழே ஏறக்குறைய 250 டிகிரி இறங்கிய குளிர்தான். ஆனாலும் அந்தச் சிறு சூட்டையும் அது நெடிய அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. இந்தக் கதிர் எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று அளந்தால் அங்கே எவ்வளவு தூசி என்று தெரியும். நமது மண்டலத்தில் தூசி ஒரு பங்கு என்றால் ஆவி ஏறத்தாழ நூறு பங்கு. ஆகவே தூசியைக்கொண்டு ஆவியைக் கணக்கிடுகிறார்கள். புழுதி எழும்பும் உயரத்தைப் பார்த்து வருவது ஒற்றை வண்டியா, மந்தையா என்று சொல்லுகிற குடியானவனின் புத்தியும் இதுவும் ஒரே வகைதான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கவேண்டும், ஆவியை நேராகவே பார்க்கக்கூடாதா என்றால், அந்த ஆவியில் பெரும்பகுதி ஹைட்ரஜன். தனி அணுவாக இருக்கும் ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை விடும் என்று 1944-இல் வான் டி ஹுல்ஸ்ட் கணக்கிட்டுச் சொன்னார். 1951-இல் அது பிடிபட்டது. ஆனால் நட்சத்திரம் பிறக்கிற குளிர்ந்த இடங்களில் ஹைட்ரஜன் இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்துகொள்ளுகிறது. அப்படிச் சேர்ந்ததும் அது பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறது. ஆகவே அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு, மின்னேற்றம் பெற்ற கார்பன், தூசி முதலிய சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கவேண்டியிருக்கிறது. மின்னேற்றம் பெற்ற கார்பன் 158 மைக்ரான் அளவுள்ள அகச்சிவப்புக் கதிரை விடுகிறது. சமையற்கட்டுப் புகையில் உள்ள கரிச்சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்தவை வானத்திலும் இருந்து 7.7 மைக்ரானிலும் 11.3 மைக்ரானிலும் ஒளிவிடுகின்றன. பஞ்சபூதம் என்று அய்ந்தைச் சொல்லி, ஆகாயத்தை மற்ற நான்கிலும் சேராத தனிப் பூதமாக்கிப் பூசை போட்டார்களே, அந்த ஆகாயத்தில் கிடப்பது நம் வீட்டு அடுப்புக் கரிக்கு உறவான சரக்கு என்றால் மேலுலகம் எங்கே, கீழுலகம் எங்கே?

இந்த வேலையில் ஒரு பெரிய தடங்கல் உண்டு. நமது காற்றிலுள்ள ஈரம் நெடிய அகச்சிவப்புக் கதிரைத் தரைக்கு வரவிடாது. பருத்திப்பட்டு ஏரியிலிருந்து எழுகிற ஆவியும், வங்காளக் குடாக் கடலிலிருந்து வருகிற ஈரக் காற்றும் அதற்குத் திரை. நமது ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. நல்ல தொலைநோக்கிதான். ஆனால் நெடிய அகச்சிவப்பை அங்கிருந்து பார்க்க முடியாது. அதற்குக் காற்றுக்கு மேலே போகவேண்டும்.

போனார்கள். 1983-இல் அமெரிக்கா, நெதர்லாந்து, இங்கிலாந்து மூன்று நாட்டாரும் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக் கோளை அனுப்பி ஏறக்குறைய வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்தார்கள். பிறகு ஸ்பிட்சர் 2003 முதல் 2020 வரையிலும், அய்ரோப்பியரின் ஹெர்ஷல் 2009 முதல் 2013 வரையிலும் வேலை செய்தன. 2021 டிசம்பர் 25-இல் 6.5 மீட்டர் கண்ணாடியுள்ள வெப் தொலைநோக்கி கிளம்பிற்று.

நம் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கியைப் பெரிய பலூனில் கட்டி, அய்தராபாத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். 1999-இல் ஜப்பானியரின் கருவியையும் அதில் பொருத்தி, ஓரியன் மேகத்தில் அந்த 158 மைக்ரான் கார்பன் கதிரைப் படம் பிடித்தார்கள். ஓரியன் மேகம் எது தெரியுமா? மார்கழியில் களி கிண்டிப் படைக்கிறோமே, அந்தத் திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற அதே வேடன் கூட்டத்தில், மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும் இடுப்புக்குக் கீழே மங்கலாகத் தெரிவதுதான். களி கிண்டியவர்கள் எத்தனை நூற்றாண்டுகளாகக் கிண்டினார்கள்! ஒருவராவது அங்கே கார்பன் இருக்கிறதென்று சொன்னதுண்டா? பலூன் கட்டியவர்கள் சொன்னார்கள்.

இனி பக்கத்து மண்டலங்களைப் பார்ப்போம். உத்திரட்டாதி நட்சத்திரத்துக்கு வடகிழக்கே ஆண்ட்ரோமிடா மண்டலம் இருக்கிறது. சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு தூரம். வெறுங்கண்ணுக்கு மங்கலான திட்டு. சாதாரணப் படத்தில் சுருள் வடிவம். அகச்சிவப்பில் பார்த்தபொழுதோ, நடுவிலிருந்து ஏறக்குறைய 33,000 ஒளியாண்டுக்கு அப்பால் பெரிய வளையமாகத் தூசியும் ஆவியும் சுற்றி நிற்பது பளிச்சென்று தெரிந்தது. புது நட்சத்திரங்கள் அந்த வளையத்தில் பிறந்துகொண்டிருக்கின்றன. மீனம் என்று வானநூலார் பெயரிட்டுள்ள கூட்டத்தின் திசையில், சுமார் 3 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், என்.ஜி.சி. 628 என்ற மண்டலம் இருக்கிறது. இதையும் சேர்த்து 19 மண்டலங்களின் வெப் படங்களை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஆவியும் தூசியும் இழை இழையாகவும், நட்சத்திரங்கள் ஊதித் தள்ளிய குமிழி குமிழியாகவும் அவற்றில் தெரிகின்றன.

இவ்வளவையும் நாம் சொல்லுவது விஞ்ஞானிகளுக்குத் தோத்திரம் பாடுவதற்காக அல்ல. ஒரே ஒரு வித்தியாசத்தைக் காட்டுவதற்காகவே.

விஞ்ஞானிகள் ஆவியை ரேடியோ அலையால் அளந்தார்கள், கார்பன் மோனாக்சைடைக்கொண்டு அளந்தார்கள், தூசியைக்கொண்டும் அளந்தார்கள். நமக்குப் பக்கத்திலுள்ள மேகங்களிலேயே கணக்கு ஒத்துவரவில்லை. முதல் இரண்டு சாட்சிகளும் சொன்னதைவிட அதிகமான ஆவி இருப்பதாகத் தூசி சொல்லிற்று. 2005-இல் இசபெல் கிரெனியே என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் காமாக் கதிர் என்ற நான்காவது சாட்சியைக் கூப்பிட்டார்கள். அதுவும் தூசி சொன்னதையே சொல்லிற்று. மற்ற இரண்டுக்கும் அகப்படாத "இருண்ட ஆவி" ஏராளமாக உண்டு என்பது வெளியாயிற்று. அதோடு, நூற்றுக்கு ஒன்று என்ற தூசிக் கணக்கு எல்லா மண்டலத்துக்கும் பொருந்தாது, தென்வானத்துச் சிறிய மெகல்லானிக் மேகத்தில் தூசி மிகவும் குறைவு என்பதையும் அவர்களே கண்டு அவர்களே சொன்னார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் காரணத்தைத் தேடுவது, காரணம் கிடைத்தால் பழைய கணக்கைத் திருத்துவது என்பது அவர்களுடைய முறை.

நமது பஞ்சாங்கக்காரர்களின் முறையைப் பாருங்கள். 2025 மார்ச் 29-இல் சனி மீன ராசிக்குப் பெயர்ந்துவிட்டதாகத் திருக்கணிதம் சொல்லிற்று. இல்லை, 2026-இல்தான் பெயர்ச்சி என்று வாக்கியம் சொல்லிற்று. திருநள்ளாறு கோயில் நிர்வாகத்தாரும் அப்படியே அறிவித்தார்கள். சனி என்பது ஒரு கிரகம். அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கமுடியும். சிறிய தொலைநோக்கி வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பையனும் அது எங்கே இருக்கிறதென்று காட்டிவிடுவான். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரு வருஷம் தகராறு இருக்கும்போது, இரண்டு கட்சியாரும் வானத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்களா? இல்லை. இந்தத் தேதிக்கு ஒரு பரிகாரம், அந்தத் தேதிக்கு ஒரு பரிகாரம் என்று இரண்டு தடவை எள் விளக்கு ஏற்றச் சொன்னால் வேண்டாமென்றா சொல்லுவார்கள்? விஞ்ஞானத்தில் கணக்குப் பிசகினால் விஞ்ஞானிக்கு வேலை அதிகமாகும். சோதிடத்தில் கணக்குப் பிசகினால் சோதிடருக்கு வரும்படி அதிகமாகும். இந்த ஒன்றே எது அறிவு, எது வியாபாரம் என்பதற்குப் போதுமான ருசுவாகும்.

இந்த வேறுபாடு இன்று நேற்று வெளியானதல்ல. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வான ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரே பழைய பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு பொருந்தவில்லை என்று கண்டு, கண்ணால் கண்ட நிலைக்கு ஏற்பத் திருத்திய பஞ்சாங்கம் போட்டார். அந்தணர் குலத்தில் பிறந்த அவர் சொல்லியும் 150 வருஷமாகத் திருந்தாத கூட்டம், நாம் சொல்லியா திருந்தப்போகிறது? ஆகவே நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களிடம் காசு கொடுக்கிற உங்களுக்குச் சொல்லுகிறோம்.

"ரிஷிகள் அப்பொழுதே கண்டார்கள்" என்பவர்களை நாம் கேட்பது ஒன்றுதான். கண்டிருந்தால், விஞ்ஞானி கண்டு சொல்லுவதற்கு முந்தின நாள் ஏன் சொல்லவில்லை? இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றையாவது இன்றைக்கே சொல்லுங்கள். நாளைக்கு அளந்து பார்க்கலாம். வான் டி ஹுல்ஸ்ட் 1944-இல் சொன்னது 1951-இல் மெய்யாயிற்று. அப்படி ஒரே ஒரு சுலோகத்தை முன்கூட்டியே எடுத்துக் காட்டுங்கள். குழந்தை பிறந்த பிறகு "எனக்கு முன்னமே தெரியும், ஆண்தான்" என்று சொல்லுகிற சாமர்த்தியம் எங்களுக்கு வேண்டாம்.

இனி, "வானத்துத் தூசியைப் பற்றி நமக்கென்ன?" என்கிற தோழருக்கு வருவோம். அய்யா, வானத்தைப் பற்றி உமக்கு ஒன்றும் இல்லையென்றால் உமது மகனுக்குப் பெண் பார்க்கும்போது நட்சத்திரம் கேட்டீரே, அது எதற்கு? பெண் மூலம் என்றதும், நல்ல பெண், படித்த பெண், வேலை செய்து சம்பாதிக்கிற பெண் என்று தெரிந்தும் வாசலோடு திரும்பினீரே, அது எதற்கு? மாமனாருக்கு ஆகாது என்றாராம் சோதிடர்! அந்தப் பெண் வயது ஏற ஏற வீட்டிலிருந்து கண்ணீர் விடுகிறாள். தகப்பன் வட்டிக்கு வாங்கிப் பரிகாரம் செய்கிறான். தாய், "பிறந்த நேரம் அப்படி" என்று பெற்ற மகளையே நொந்துகொள்ளுகிறாள். இந்தக் கொடுமை பருத்திப்பட்டிலும் உண்டு, பட்டாபிராமிலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

மூலம் என்பது என்ன? தேள் போன்ற கூட்டத்தின் வாலில் உள்ள நட்சத்திரங்கள். அந்தப் பெண் பிறந்த அன்று தெரிந்த அவற்றின் வெளிச்சம், அவளுடைய பாட்டிக்குப் பாட்டி பிறப்பதற்கும் முன்னே, பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்து கிளம்பியது. அதற்குப் பின்னால், அதே திசைக்கு அருகில், சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் நமது பால்வழி மண்டலத்தின் நடுவிடம் இருக்கிறது. நடுவே மண்டிய தூசியால் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தை அகச்சிவப்புக் கதிரால் ஊடுருவிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அங்கே நட்சத்திரங்களையும் ஆவியையும் தூசியையும் கண்டார்கள். யாருடைய மாமனாரையும் கொல்லுகிற ஆயுதம் எதையும் அங்கே காணவில்லை. ஆவி எவ்வளவு என்றால், மண்டலத்தில் பரவலாகக் கிடக்கும் இடத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஓர் அணு. நம் மூச்சுக் காற்றில் அதே அளவு இடத்தில் கோடி கோடிக்கு மேலும் பல இலட்சம் மடங்கு அணுக்கூறுகள் இருக்கின்றன. சோதிடர் வாயிலிருந்து வரும் காற்று, மூலத்துக்கு அப்பாலுள்ள காற்றைவிட அவ்வளவு கனம். பெண்ணின் வாழ்வைக் கெடுத்தது எந்தக் காற்று என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே வானத்துத் தூசியை அறிவதால் என்ன பிரயோசனம் என்று கேட்டால், அதை அறியாததால் நேரும் நஷ்டத்தைக் கணக்குப் பாருங்கள் என்பதே நமது பதில். வானத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாத வரையில் அங்கே எதையும் வைத்து உங்களை மிரட்டலாம். தெரிந்துவிட்டால் மிரட்டுகிறவன் பிழைப்புப் போய்விடும்.

இதில் படித்தவர்களை நாம் தனியாகக் கண்டிக்கவேண்டும். டாங்கித் தொழிற்சாலையில் அகச்சிவப்புக் கருவியைப் பொருத்திவிட்டு வீட்டுக்கு வந்து ராகு காலம் பார்க்கிறவர் நம்மிடையே இல்லையா? ராக்கெட் விடுவதற்கு முன் அதன் சிறு உருவத்தைத் திருப்பதிக்கு எடுத்துப் போய் வைத்துக் கும்பிடும் விஞ்ஞானிகளைப் பத்திரிகைப் படத்தில் நாம் பார்க்கவில்லையா? கணக்கில் பிழை இருந்தால் கும்பிட்டாலும் ராக்கெட் விழும். கணக்குச் சரியாயிருந்தால் கும்பிடாவிட்டாலும் போகும். இது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்கிறவர்களால் தெரியாதவர்களுக்கு உண்டாகும் கேடு கொஞ்சமல்ல. "அவ்வளவு படித்தவரே கும்பிடுகிறார்" என்பதுதான் இன்று சோதிடனுக்குக் கிடைத்த பெரிய விளம்பரம்.

கடைசியாக ஒன்று. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று தர்ம சூத்திரம் எழுதி வைத்தார்கள். அவர்களுடைய அறிவு அப்படிக் காவல் போட்டுக் காக்கவேண்டிய அறிவு. ஐராஸ், ஸ்பிட்சர், ஹெர்ஷல் எடுத்த அளவுகள் எல்லாம் இன்று யாருக்கும் தடையில்லாமல் திறந்து கிடக்கின்றன. வெப் எடுப்பதும் குறித்த காலம் கழிந்ததும் அப்படியே வெளியாகிறது. குலம் கேட்பதில்லை, கோத்திரம் கேட்பதில்லை, ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. பருத்திப்பட்டில் இருக்கும் ஓர் ஏழை வீட்டுப் பெண், கையில் ஒரு கருவியும் கற்கும் ஆசையும் இருந்தால், ஆண்ட்ரோமிடா வளையத்தைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே அளந்து பார்க்கலாம். கெடுதி இவ்வளவுதான்: அதற்கான விளக்கங்கள் தமிழில் போதுமான அளவு இல்லை. பஞ்சாங்கம் மாத்திரம் வருஷந்தோறும் தவறாமல் தமிழில் வருகிறது.

தோழர்களே! இந்த வருஷம் பஞ்சாங்கத்துக்கும் பரிகாரத்துக்கும் கொடுக்க எடுத்து வைத்த காசைக்கொண்டு உங்கள் பிள்ளைகளை ஒரு தடவை காவலூருக்கு அழைத்துப் போங்கள். தொலைநோக்கி வழியாகச் சனியை அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். வளையத்தோடு அழகாகத் தொங்கும் அந்தக் கிரகத்தைப் பார்த்த பிள்ளையிடம், அது ஏழரை வருஷம் பிடிக்கும் என்று பிறகு ஒருவன் வந்து சொன்னால், அந்தப் பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் நாம் எழுதுகிறோம்.